மகாலட்சுமிக்குப் பின்னால் துறைமுகம்

போன புதன்கிழமை காலை பத்து மணியளவில், மகாலட்சுமியின் ஊடாகத் திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தேன்.

பயப்படாதீர்கள். எனக்கு ஞானம் எதுவும் பிறக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. ஒரு பிளேன்ரீ தவிர வேறு எதுவும் குடித்திருக்கவில்லை. என் கண்முன் இருந்தது இருபது அங்குல உயரம், பதினாறு அங்குல அகலம் கொண்ட ஒரு கண்ணாடி. அதில் முகமும் பாதமும் மட்டும் உள்ள மகாலட்சுமி. அந்த முகத்துக்குப் பின்னால் நீர். நீரில் ஒரு லோஞ்ச். அது அவளுடைய ஒரு கன்னத்தில் நுழைந்து, மூக்குத்தியைக் கடந்து, மறு கன்னத்தால் வெளியே போனது.

எப்படி என்று கேட்பீர்கள். முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் வளவுக்கு அடுத்தது ஒரு வாடகை வீடு. அதில் முப்பது வருஷமாக இருந்த ஓர் அம்மா அண்மையில் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. வீட்டைக் காலிசெய்து, பூட்டி, வீட்டுக்காரருக்குத் திறப்பைக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவர் பரமேஸ்வரி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கணவர் செல்லத்துரை இப்போதுதான் ஒரு சைக்கிள் கடை திறந்திருக்கிறார். இளையவர் தவமணி. மணம் முடித்து மூதூருக்குப் போனவர். அங்கே வயல் செய்கிறார்கள். ஒரே மகள் இந்த வருஷம் சோதனை எழுதுகிறாள்.

இருவரும் புதன்கிழமை காலை சாமான் பிரிக்க வந்தார்கள். ஏன் புதன்? செவ்வாயும் வெள்ளியும் சாமி வீட்டை விட்டுப் புறப்படக்கூடாது. திங்கள் பரமேஸ்வரிக்கு விரதம். வியாழனும் சனியும் தவமணிக்கு ஆகாது. ஞாயிறு வண்டிக்காரர் வரமாட்டார். பஞ்சாங்கத்தில் மிஞ்சியது புதன். கடலைக் கடந்து மூதூருக்குப் போகும் மோட்டார் லோஞ்ச் பிற்பகல் இரண்டு மணிக்கு.

சண்டை பார்க்கலாம் என்று வேலியோரம் நின்றவர்கள் முதலில் ஏமாந்துபோனார்கள். அலுமாரியை அக்கா தங்கைக்குத் தள்ளினார். தங்கை அக்காவுக்குத் தள்ளினார். "நீ கொண்டு போ தவம்." "எனக்கு என்னத்துக்கு அக்கா, நீங்க வச்சிருங்கோ." ஆட்டுக்கல் மூன்று தரம் வாசல்வரை போய், மூன்று தரம் குசினிக்குத் திரும்பி வந்தது. அதை உருட்டிய வண்டிக்காரர் நாலாம் தரம் கையை எடுத்துவிட்டார். "ரெண்டு பேரும் பேசி முடிச்சுப்போட்டுக் கூப்பிடுங்கோ" என்று பீடியைப் பற்றவைத்தார்.

அதன் பிறகு சாமி அறை.

அங்கேதான் என்னைக் கூப்பிட்டார்கள். பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற மரியாதைக்காக அல்ல. உயரமானவன் என்பதற்காக. படங்கள் எல்லாம் கூரையை ஒட்டித் தொங்கின.

முப்பத்து முக்கோடி தேவர்கள் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஒரு வீட்டுச் சுவரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்று எண்ணினேன். ஏழு ஆணி. அவ்வளவுதான். ஏழு ஆணிக்குள் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய முழு அண்டமும் அடங்கிவிடுகிறது. படைத்தவர் மட்டும் அதில் இல்லை. பிரம்மாவுக்கு எந்த வீட்டிலும் ஆணி கிடையாது. படைத்து முடித்தவரோடு பிறகு யாருக்கு என்ன வேலை?

நான் கதிரையில் ஏறி ஒவ்வொன்றாக இறக்கினேன். கீழே நின்ற இருவரும் வாங்கி, கண்ணில் ஒற்றி, பங்கு பிரித்தார்கள். எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாத பங்கு அது. ஆனால் கேட்டுக்கொண்டு நிற்க நன்றாக இருந்தது.

வள்ளி தெய்வானையோடு முருகன் வந்தார். "முருகன் உனக்குத்தான். வெருகல் அந்தப் பக்கம்தானே" என்றார் அக்கா. மூதூருக்குத் தெற்கே வெருகலில் முருகன் கோயில் இருக்கிறது. ஆகவே முருகனுக்கு அது சொந்தக் கரை. இந்த ஊர்க் கோயில்காரி பத்திரகாளி வந்தாள். "அவ ஊரை விட்டு வரமாட்டா" என்றார் தங்கை. காளி அக்காவுக்கு. சிவனும் பார்வதியும் கைலாயத்தில் இருந்தார்கள். எங்கள் ஊருக்குச் சிவன் என்றால் மலைக்கோயில் கோணேசர்தான். "கோணேசரை மலையால இறக்கிக் கடல் கடத்துறதோ? வேண்டாம்" என்று தங்கை அவர்களையும் அக்கா பக்கமே வைத்தார். வெண்ணெய்க் கிருஷ்ணன் தங்கைக்கு. மலையைத் தூக்கிப் பறக்கிற ஆஞ்சநேயரும் தங்கைக்கே. "அவருக்குக் கடல் தாண்டிப் பழக்கம்" என்று பரமேஸ்வரி சொல்ல, இருவரும் சிரித்துவிட்டார்கள்.

ஆறாவது படம் பள்ளிகொண்ட பெருமாள். பாற்கடலில், பாம்பணையில், கண்ணை மூடிக்கொண்டு. அந்தப் படத்தை நான் கையில் சற்று நேரம் வைத்திருந்தேன். யன்னலுக்கு வெளியே கடல் அசையாமல் கிடந்தது. இரண்டாம் மகாயுத்த காலத்தில் உலகத்துக் கப்பல்கள் எல்லாம் வந்து நின்ற துறைமுகம் இது என்கிறார்கள். இப்போது காலையில் பார்த்தால் நித்திரையில் இருப்பதுபோலத்தான் இருக்கிறது. உலகம் அவர் காணும் கனவு என்று சொல்வார்கள். அப்படியானால் பெருமாள் புரண்டு படுக்காமல் இருக்கும்வரை நமக்கு நல்லது.

"அவரை ஆருக்கு?" என்று கேட்டேன்.

"பார்வதியின்ட அண்ணன்தானே. தங்கச்சி இருக்கிற வீட்டில இருக்கட்டும்" என்றார் தவமணி. அக்காவின் பக்கம் போனார் பெருமாள்.

மிஞ்சியது ஏழாவது ஆணி.

உங்கள் வீட்டிலும் அந்தப் படம் இருக்கும். நடுவில் தாமரையில் மகாலட்சுமி. இரண்டு பக்கமும் யானைகள். ஒரு புறத்தில் வீணையோடு சரஸ்வதி. மறுபுறத்தில் பிள்ளையார். செல்வமும் கல்வியும் ஒரே வீட்டில் தங்காது என்று நம்மவர்கள் சொல்வது உண்டு. உறவு முறைப்படி பார்த்தால் லட்சுமியும் சரஸ்வதியும் மாமியும் மருமகளும். எப்படித் தங்கும்? ஆனால் படம் அச்சடித்தவர்கள் இருவரையும் ஒரே சட்டத்துக்குள் உட்காரவைத்து, விலக்குப்பிடிக்கப் பிள்ளையாரையும் அருகில் வைத்துவிட்டார்கள். அந்த அம்மா முப்பது வருஷம் அவர்களை ஒற்றுமையாக வைத்திருந்தார்.

"அந்தப் படம் எனக்கு" என்றார் பரமேஸ்வரி.

"எனக்கு" என்றார் தவமணி. அதே மூச்சில்.

நான் கதிரையில் இருந்து இறங்கவில்லை.

"அத்தான் இப்பதான் கடை திறந்திருக்கிறார் தவம். லட்சுமி இல்லாமல் என்ன கடை?"

"என்ட பிள்ளைக்குச் சோதினை அக்கா. அம்மா இந்தச் சரஸ்வதிக்கு முன்னால இருத்தித்தான் அவளுக்கு ஏடு தொடக்கினவ."

"வேற சரஸ்வதி ஒண்டு வாங்கன்."

"எங்க வாங்கிறது? நீங்க வேற லட்சுமி வாங்குங்கோவன்."

இரண்டும் நடக்காத காரியம். அரசாங்கம் இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்தியாவில் இருந்து சாமிப் படம் வந்து எவ்வளவு காலம்! செத்தல் மிளகாயே கப்பலில் வராதபோது மகாலட்சுமி எப்படி வருவாள்?

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அதுவும் வேகமாகத்தான் நடந்தது.

"அம்மா ஆசுப்பத்திரியில கிடக்கேக்க ரெண்டு நேரமும் சோறு கொண்டு போனது ஆர்?"

"ஏன், நான் வரேல்லையோ?"

"எத்தினை தரம்? எப்ப கேட்டாலும் ஒரு கதை. லோஞ்சு ஓடேல்லை. லோஞ்சு ஓடேல்லை. உலகத்தில எல்லா லோஞ்சும் ஓடுது, உன்ட லோஞ்சு மட்டும் ஓடாது!"

"ஓடாட்டி நீந்தியோ வாறது? பதினாலு வருஷமாச்சு நான் போய். ஒருக்கால் என்ட வாசலை மிதிச்சிருக்கிறீங்களோ? கடலைக் கண்டா தலை சுத்துதாம்! திருகோணமலையில பிறந்தவவுக்கு!"

வேலியோரம் திரும்பவும் ஆள் சேர்ந்தது.

பரமேஸ்வரி என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "தம்பி, அவவிட்டச் சொல்லுங்கோ. இந்தப் படம் இந்த ஊரை விட்டுப் போகாது."

தவமணியும் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அவவிட்டச் சொல்லுங்கோ. படம் இல்லாமல் நான் லோஞ்சு ஏறமாட்டன். ஏறினா, பிறகு இந்த ஊருக்கு வரவும் மாட்டன்."

இருவருக்கும் இடையில் மூன்று அடி தூரம்கூட இல்லை. ஆனாலும் கதிரையில் நின்ற நான்தான் தபாற்கந்தோர். அம்மா போய்விட்டார். வீடும் அன்று பின்னேரம் போகப்போகிறது. இருவரும் இனிச் சந்திப்பதற்கு என்று பொதுவில் ஒரு இடம் இல்லை. இனி வரமாட்டேன் என்ற அந்த வசனம் கோபத்தில் சொன்னதுதான். ஆனால் கோபத்தில் சொன்ன வசனங்கள்தான் இருபது வருஷம் நின்று பிடிக்கின்றன... உங்கள் குடும்பத்தில் இல்லையா?

கடைசியில் தவமணிதான் சொன்னார்: "அப்ப வெட்டுவம். அவவுக்கு லட்சுமி, எனக்குச் சரஸ்வதி."

"பிள்ளையார்?" என்று கேட்டேன்.

"அவவே வச்சிருக்கட்டும். மஞ்சளில பிடிச்சு வச்சாலும் எனக்குப் பிள்ளையார்தான்."

பரமேஸ்வரி மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. "வெட்டட்டும்" என்று என்னிடம் சொன்னார்.

படத்தை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். படம் முன்னால் பார்த்தபடி, என் நெஞ்சோடு. இடப்பக்கம் அக்கா. வலப்பக்கம் தங்கை. பேக்கரி வாசலில் பாண் கியூவில் நின்றவர்கள் எங்களைக் கண்டதும் ஒரு கணம் அமைதியானார்கள். முன்னால் நின்றவர் இடத்தை விடாமலே ஒரு காலால் மற்றக் காலின் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு ஒவ்வொருவராகக் கும்பிட்டார்கள். கியூவின் நீளத்துக்கு மகாலட்சுமி அருள் பாலித்துக்கொண்டே போனாள். வெட்டுப்படப் போகிறாள் என்பது எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும். சந்தியில், கோட்டையில் இருந்து ஊருக்குள் வந்து திரியும் மான்கள் இரண்டு வாழைத்தோல் தின்றுகொண்டிருந்தன. அவை தலையைத் தூக்கி, கண்ணாடியைப் பார்த்தன. கண்ணாடியில் தங்களைப் பார்த்திருக்கும். அசையாமல் நின்றன. எனக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது.

இறங்குதுறைக்குப் போகும் வீதியில் மஜீது நானாவின் படச்சட்டக் கடை. கிண்ணியாக்காரர். இந்த ஊரில் உள்ள தெய்வங்களில் பாதிப்பேருக்குச் சட்டம் போட்டவர். கடையில் ஒரு சுவரில் மக்காப் படமும் ஓதல் வசனங்களும். எதிர்ச்சுவரில் நம்முடைய சாமிகள். நடுச்சுவரில் கலியாணப் படங்களும் முகம் பார்க்கும் கண்ணாடிகளும். இந்த ஒழுங்கை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சாமிப் படம் எடுக்குமுன் கைகழுவ மூலையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பார். மேசையில் படத்தைக் குப்புற வைக்கமாட்டார். குப்புற வைத்துத்தான் ஆணி கழற்ற வேண்டும் என்றால், கீழே ஒரு வெள்ளைத் துணி.

"வாங்க. லெச்சுமி, பதினாறுக்கு இருபது" என்றார் தூரத்திலேயே. அவருக்கு எல்லாத் தெய்வங்களும் அளவோடு தெரியும்.

விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன்னுடைய மூக்குக் கண்ணாடியை. "வெட்டவா? தம்பி, வீணைட தலை வந்து லெச்சுமிட தாமரைக்குள்ள கிடக்கு. எங்க வெட்டுற? வீணையை ஒடிக்கவா, பூவைக் கிள்ளவா?"

அளவுகோலை வைத்துக் காட்டினார். உண்மைதான். இருவருக்கும் இடையில் ஓர் அங்குலம்கூட வெறும் இடம் இல்லை.

"கவனமாப் பார்த்து வெட்டலாமோ எண்டு கேளுங்கோ தம்பி" என்றார் தவமணி.

"முதல்ல சட்டத்தைக் கழட்டச் சொல்லுங்கோ தம்பி" என்றார் பரமேஸ்வரி.

மஜீது நானா இருவரையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவங்க ரெண்டு பேருக்கும் வாய் இல்லியா?" என்று கேட்டார். கைகழுவி, துணி விரித்து, பின்பலகையைக் கழற்றினார். பிறகு படத்தின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். உடனே கையை எடுத்துவிட்டார்.

"ஒட்டிட்டு" என்றார்.

என்ன ஒட்டியது?

"கண்ணாடில படம் ஒட்டிட்டு. ஒங்கட உம்மா வெள்ளிக்கு வெள்ளி ஈரத்துணியால தொடைப்பாவா?"

"ஓம்" என்றார்கள் இருவரும். அன்று அந்தப் படத்துக்காகச் சண்டை தொடங்கிய பிறகு அவர்கள் ஒன்றாகச் சொன்ன முதற்சொல்.

"அதான். தண்ணி மேல்பக்கச் சட்டத்தால உள்ளுக்கு இறங்கும். கடக்கரைக் காத்து அதைக் காயவிடாது. மறுகா சந்தனம் வெக்கக்குள்ள விரலால அமத்துவாவுதானே? அமத்துற இடத்தில கண்ணாடி படத்தில முட்டும். முட்டி முட்டி ஒட்டிடும். இந்த ஊர்ல எத்தின வீட்டுல பார்த்திட்டன்! பக்தி கூடின வீட்டுலதான் இது கூட." படத்தின் ஓரத்தைக் காட்டினார். "கழட்டினா ஒட்டின இடம் கண்ணாடியோட வரும். கழட்டவா, வேணாமா?"

பரமேஸ்வரி தங்கையைப் பார்க்காமல், "அவவைக் கேளுங்கோ" என்றார்.

தவமணி அக்காவைப் பார்க்காமல், "அவவைக் கேளுங்கோ" என்றார்.

"கேட்டன். கழட்டவா?"

"அவவைக் கேளுங்கோ."

ஒருவர் வேண்டாம் என்றிருந்தால் போதும். மற்றவரும் அந்த நிமிஷமே அதற்கு ஓம் என்றிருப்பார். இருவருக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தது. அது முகத்தில் தெரிந்தது. ஆனால் முதலில் வேண்டாம் என்பவர் தோற்றவர் ஆகிவிடுவாரே! மஜீது நானா மூன்றாம் தரமும் கேட்டார். இருவரும் சுவரில் இருந்த முகக்கண்ணாடிகளைப் பார்த்தார்கள். அப்போது யாரோ ஒருவர், பொறுமையிழந்து, "கழட்டுங்கோ நானா" என்றார்.

அந்த யாரோ நான்தான். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் சாட்சி சொல்ல வந்தவன் தன்னுடைய பங்கை மறைக்கக்கூடாது.

அவர் ஒரு சவர அலகை எடுத்து, ஓரத்தில் இருந்து காற்றுப்போல நகர்த்தினார். படம் இலகுவாகத்தான் எழுந்தது. யானை வந்தது. வீணை வந்தது. பிறகு, வாழையிலை கிழிகிறதுபோல் ஒரு சின்னச் சத்தம். மூன்று தரம்.

கடுதாசி அவருடைய கையில் இருந்தது. சிவப்புச் சேலை, தாமரை, யானைகள், வீணை, மோதகம்... எல்லாம் இருந்தன. முகம் இருக்க வேண்டிய மூன்று இடங்களில் வெள்ளை. பாதங்கள் இருந்த இடத்திலும் வெள்ளை.

தவமணி வாயைப் பொத்திக்கொண்டார்.

மஜீது நானா கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்காக வாசலுக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். அவர் அதை உயர்த்திப் பிடித்தார்.

அப்போதுதான் நான் முதலில் சொன்னதைப் பார்த்தேன்.

மூன்று முகங்கள். கீழே பாதங்கள். இடையில் ஒன்றுமில்லை. இடையில் துறைமுகம். கண்ணாடியில் ஒட்டியிருந்தது தாள்கூட அல்ல, தாளின் மேற்தோல். வெளிச்சம் அதன் வழியாக வந்தது. மகாலட்சுமி தண்ணீர்மேல் இருந்தாள். சரஸ்வதியின் நெற்றியில் தூரத்து மலை நீலமாகத் தெரிந்தது. பிள்ளையாரின் தும்பிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய கப்பல் நங்கூரமிட்டு உறங்கியது. கையிலே ஆயுதம் இல்லை, வீணை இல்லை, பொன் இல்லை. யார் எதைக் கொடுப்பவர் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. லோஞ்ச் ஒன்று அவர்களுக்குள்ளால் போனது. நாங்கள் நால்வரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நேரத்தைக் குறித்துக்கொள்வது என்னுடைய தொழில். அன்று குறிக்கவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் ஒரே முகம். வரைந்தவர் ஒரு முகத்தைத்தான் இருவருக்கும் போட்டிருக்கிறார். இவ்வளவு காலமும் சேலையையும் வீணையையும் பார்த்து ஏமாந்திருக்கிறோம்.

"முகம் ஏன் ஒட்டினது எண்டு விளங்குது. சந்தனம் வைக்கிற இடம்" என்றார் பரமேஸ்வரி மெதுவாக. "கால் ஏன் ஒட்டினது?"

மஜீது நானாவுக்குத் தெரியவில்லை. தவமணிக்குத் தெரிந்திருந்தது.

"அம்மா காலைத் தொட்டுத்தானே அக்கா கண்ணில ஒற்றுறவ. நாலு விரலாலயும் அமத்தி."

பரமேஸ்வரி கையை நீட்டினார். கண்ணாடியைத் தொடவில்லை. கிட்டக் கொண்டுபோய், அந்தப் பாதங்களுக்கு நேரே நாலு விரலையும் வைத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது.

"அம்மாட விரல், தவம்" என்றார்.

என்னிடம் அல்ல.

பிறகு இருவரும் படச்சட்டக் கடை வாசலில் நின்று அழுதார்கள். மஜீது நானா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, கை வலித்தும் இறக்காமல் நின்றார். ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. "சரி புள்ளைகள்" என்றார் கடைசியில். "இப்ப என்ன செய்ற? கண்ணாடியை ஒருத்தி எடுத்தா ஒடம்பு இல்ல. கடுதாசியை ஒருத்தி எடுத்தா மொகம் இல்ல. இனி வெட்டிக் குடுக்க எனக்கும் ஏலாது, ஒங்களுக்கும் ஏலாது."

அவர் கண்ணாடியை மேசையில் வைத்து, கடுதாசியை அதன்மேல் இறக்கினார். முகத்துக்கு முகம், பாதத்துக்குப் பாதம். அரை மணி நேரம் பிடித்தது. நான் மூச்சுவிடக்கூடப் பயந்தேன். திருப்பிப் பார்த்தபோது படம் முழுசாக இருந்தது. முகங்களைச் சுற்றி ஒரு தலைமயிர் அளவு வெள்ளைக் கோடு. ஒளிவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். சரஸ்வதி மட்டும் நூலளவு விலகிவிட்டாள். முன்பு நேரே பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது லட்சுமியின் பக்கம் சற்றுத் திரும்பினாற்போல் இருந்தது.

"பசை போடல்ல. போட்டா இன்னும் பழுதாகும்" என்றார் மஜீது நானா. "கொண்டு போகக்குள்ள வானம் பார்த்த மாதிரி மட்டமாப் பிடிக்கணும். சாய்க்கக்கூடா. ஆட்டக்கூடா."

உடனே ஆட்டுக்கல் சண்டை திரும்பவும் தொடங்கியது.

"நீங்க வச்சிருங்கோ அக்கா. அத்தான்ட கடைக்கு."

"விசர்க் கதை கதையாத. பிள்ளைக்குச் சோதினை. நீ கொண்டு போ."

"லோஞ்சில எப்படி அக்கா? முருகன் இருக்கிறார், கிருஷ்ணன் இருக்கிறார், சாமான் மூட்டை கிடக்கு. இதை மட்டமாப் பிடிக்கிறதுக்கு எனக்கு எத்தினை கை? ஆஞ்சநேயருக்குக்கூட ரெண்டு கைதான்."

"ரெண்டு பேர் வேணும்" என்றார் மஜீது நானா. தலையை நிமிர்த்தாமல், ஆணி அடித்துக்கொண்டே. "ஒருத்தி இந்தத் தலைப்பு, ஒருத்தி அந்தத் தலைப்பு."

பரமேஸ்வரி வாசலுக்கு வெளியே பார்த்தார். கடல் அங்கேயே கிடந்தது. பிறந்ததில் இருந்து அவர் பார்க்கிற கடல். ஒருநாளும் ஏறாத கடல்.

"தம்பி" என்றார் என்னைப் பார்த்து. "லோஞ்சு எத்தினை மணிக்கு?"

இரண்டு மணிக்கு இறங்குதுறையில் நின்றேன். பரமேஸ்வரி தலை சுற்றாமல் இருக்கத் தேசிக்காய் ஒன்றை மூக்கில் பிடித்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பலகையில் கால்வைத்தார். லோஞ்ச் ஒரு முறை அசைந்தது. "ஐயோ பத்திரகாளித் தாயே!" என்றார். காளி வீட்டில் இருந்தாள். மூதூர்ப் பெண்கள் இருவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி இடம் கொடுத்தார்கள்.

"மடில என்ன அது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சாமி" என்றார் தவமணி.

"அப்ப நல்லா இடம் விட்டு இருங்க. அவங்களுக்கும் காத்து வேணும்தானே."

லோஞ்ச் புறப்பட்டது. அக்காவின் மடியில் ஒரு பாதி, தங்கையின் மடியில் ஒரு பாதி. படம் வானத்தைப் பார்த்தபடி இருந்தது. சுவரில் மாட்டிய நாளில் இருந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முதன்முதலாக மேகத்தைப் பார்த்தார்கள். தூரம் போகப் போக, இரண்டு பெண்களும் தெரியாமல் போய், கண்ணாடியில் பட்ட வெயில் மட்டும் தண்ணீர்மேல் தனியே போனது. பிறகு அதுவும் இல்லை.

பரமேஸ்வரி வியாழன் காலை லோஞ்சில் திரும்பி வருவதாகத்தான் ஏற்பாடு.

நேற்று, அதாவது ஆறாம் நாள், செல்லத்துரை அண்ணை சைக்கிளில் வந்து என் வீட்டுப் படலையில் நின்றார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. கடைச் சாப்பாட்டில் முகம் வாடியிருந்தது. மூதூரில் இருந்து ஒரு வியாபாரி மூலமாக மனைவி செய்தி அனுப்பியிருக்கிறாராம்.

"என்னவாம் அண்ணை?"

"லோஞ்சு ஓடேல்லையாம்."

நான் கடலைப் பார்த்தேன். கண்ணாடிபோல் கிடந்தது.

"அந்த வியாபாரி எதில் வந்தவராம்?" என்று கேட்டேன்.

செல்லத்துரை அண்ணை கொஞ்ச நேரம் யோசித்தார். "லோஞ்சில" என்றார்.